மாப்பிள்ளைக்கு, நாலாவது ஊசி பற்றி

சுங்குவார்சத்திரம்,
29-9-1979, சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை நாகப்பன் அவர்களுக்கு,

மாமனார் ராஜாமணி எழுதிக்கொள்ளும் கடிதம். இங்கு நான், தங்கள் மாமியார் மீனம்மாள், சரோஜா, குழந்தை எல்லோரும் பெருமாள் புண்ணியத்தில் சௌக்கியம். லாரி மட்டும் சௌக்கியமில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் தங்கள் கால் எப்படி இருக்கிறது, மாவுக்கட்டுக்குள் அரிப்பு குறைந்ததா, தங்கள் தாயார் வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறார்களா என்பதற்கெல்லாம் விவரமாகப் பதில் போடவும். படுத்திருக்கிறவரிடம் கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொன்னால் ரத்தக் கொதிப்பு ஏறும் என்று எங்கோ படித்திருக்கிறேன், ஆகையால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாரி விற்கவில்லை. ராணிப்பேட்டை தாண்டவராயன் நேற்று வந்தார், பார்த்தார், மோர் குடித்தார், போய்விட்டார். குற்றம் முழுவதும் என்னுடையது. எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன், கோபம் வந்தால் நடுவில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் படிக்கவும்.

ஆம்பூரில் லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது தாங்கள் விழுந்ததும், டாக்டர் இனிமேல் காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதும், வேறு ஒரு டிரைவர் லாரியை ஓட்டிக்கொண்டு வந்து நம் வாசலில் விட்டுப் போனதும் தாங்கள் அறிந்ததே. தாங்கள் அறியாதது, அது வந்த வரத்து. பஸ் ஸ்டாண்டு தாண்டும்போது விட்ட கறுப்புப் புகையில் டீக்கடைக்காரர் பாலை மூடிவிட்டு வெளியே ஓடிவந்தார். மறுநாளே தங்கள் கார்டு வந்தது. நாலே வரி. இனி எனக்கு ஸ்டியரிங் வேண்டாம், வண்டியை விற்றுவிடுங்கள், இன்ஜெக்டர் பார்த்துப் புகை இல்லாமல் செய்து வையுங்கள், வெள்ளிக்கிழமை தாண்டவராயன் வந்து எடுத்துக்கொள்வார். அதைச் சரோஜாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினாள். பத்து வருஷமாகத் தங்களோடு சேர்ந்து அந்த லாரியையும் கட்டிக்கொண்டு குடித்தனம் செய்தவள் ஆயிற்றே, அழுவாளோ என்று பயந்திருந்தேன். பெண் மனசைத் தேற்றிக்கொண்டாள் என்று எனக்கு நிம்மதியாகப் போயிற்று.

தாங்கள் எழுதியபடி தண்டலத்து ஷெட்டிலிருந்து மெக்கானிக் மண்ணாங்கட்டியைத் திங்கட்கிழமை வரவழைத்தேன். இன்ஜெக்டர் என்பது டீசலைப் பன்னீர் தெளிப்பது போல என்ஜினுக்குள் தெளிக்கிற சாமான், அதன் முனை கெட்டுவிட்டால் தெளிக்காமல் ஒழுகும், ஒழுகினால் புகை வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆறு இன்ஜெக்டர். ஐந்து மரியாதையாகக் கழன்று வந்தன. ஆறாவது, மண்ணாங்கட்டி டீசல் ஊற்றி ஊற்றித் தட்டி, மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து மறுபடி தட்டிய பிறகுதான் அசைந்தது. முனையைக் கழற்றினால் அதற்குப் பெயர் நாசில், அதற்குள்ளே ஒரு ஊசி. ஆறில் இரண்டு தேறாது, புதிதாக வாங்கிப் போட வேண்டும், நாலைச் சுத்தம் செய்து தேய்த்துப் போட்டால் ஓடும் என்றார். ஷெட்டில் ரோட்டுத் தூசி என்பதால் வேலையை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். "ஒரு தூசு பட்டாலும் மொத்தமும் காலி ஐயா. வூட்ல எங்க ரொம்ப சுத்தமா கீது, அத்த காட்டுங்க" என்று கேட்டார். தங்கள் மாமியார் கொஞ்சமும் யோசிக்காமல் பூஜை அறையைக் காட்டிவிட்டாள். நாலு கொட்டாங்கச்சியில் டீசல் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நாசிலும் ஒரு ஊசியுமாக ஊறப்போட்டுவிட்டு, இங்கே நெருப்பே கூடாது என்று விளக்கையும் அணைத்துவிட்டு, புது நாசில் வாங்க அவர் மதராசுக்கு பஸ் ஏறினார். "பொரட்டாசி மாசத்துல பெருமாளுக்கு வெளக்கு இல்ல, லாரிக்கு அபிஷேகம் நடக்குது" என்று மீனம்மாள் ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது. மாப்பிள்ளை, நான் அரக்கோணம் ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்திரண்டு வருஷம், ஓடுகிற ரயிலில் நின்றபடி தபால் பிரித்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். திருப்பதித் தபாலும் வேலூர்த் தபாலும் ஒரே பையில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. செவ்வாய்க்கிழமை காலை பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கொட்டாங்கச்சியிலும் ஊசியும் நாசிலும் கலந்து கிடந்தன. மெக்கானிக் நல்ல மனிதர், ஆனால் இப்படி ஒழுங்கில்லாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாரே, படுத்திருக்கிற மாப்பிள்ளைக்கு நம்மால் ஆன உபகாரம் இதுவாவது இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். ஊசிகளையெல்லாம் ஒரு டம்ளரில் போட்டேன். நாசில்களையெல்லாம் இன்னொரு டம்ளரில் போட்டேன். போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் என் பழைய வேட்டியால் பளபளவென்று துடைத்தேன். டம்ளர் மேல் சுண்ணாம்பால் 'ஊசி 4', 'நாசில் 4' என்று எழுதியும் வைத்தேன். ரிட்டயர் ஆனதிலிருந்து அவ்வளவு திருப்தியாக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

மண்ணாங்கட்டி புதன்கிழமை காலை வந்தார். டம்ளரைப் பார்த்தார். "இன்னா ஐயா பண்ணி வெச்சிகிறீங்க" என்றார். பிரித்து வைத்திருக்கிறேன் என்றேன். அவர் அப்படியே பெருமாள் படத்துக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். நான் பாராட்டப்போகிறார் என்று நின்றுகொண்டிருந்தேன். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "ஐயா, ஒரு நாசிலும் ஒரு ஊசியும் கம்பெனிலயே ஒண்ணுக்குள்ள ஒண்ணு தேய்ச்சி சேத்து அனுப்பறது. இதோட ஊசி அதுக்குள்ள போவும், ஆனா வேல செய்யாது. தலமுடிய இருவது பங்கு போட்டா அதுல ஒரு பங்கு வித்தியாசம் போதும், கெட்டுது. அதுங்க கல்யாணம் ஆனதுங்க ஐயா. நீங்க ஆம்பளைங்கள ஒரு வரிசை, பொம்பளைங்கள ஒரு வரிசைன்னு நிக்க வெச்சிகிறீங்க." எது எதனுடைய ஜோடி என்று ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன். அடையாளம் கொட்டாங்கச்சிதான் என்றார்.

நல்லவேளை, ஜோடி கண்டுபிடிக்க வழி இருந்தது. ஊசியை டீசலில் நனைத்து, நாசிலுக்குள் விட்டு, கொஞ்சம் வெளியே இழுத்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். தன் கனத்திலேயே அது மெதுவாக வழுக்கி இறங்கினால் ஜோடி. தொப்பென்று விழுந்தாலும் இல்லை, பாதியில் நின்றாலும் இல்லை. இரண்டு தடவை செய்து காட்டுவதற்குள், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு லாரி அச்சு முறிந்து ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறதென்று அவரைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது. சரோஜாதான், "நீங்க போங்கண்ணா, நான் பாக்கறேன்" என்றாள். கதவையும் ஜன்னலையும் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, நானும் அவளும் உட்கார்ந்தோம். நான் பதினாறு கட்டம் போட்டு வைத்துக்கொண்டேன். அவள் ஊசியை விடுவாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள், "இல்ல" என்பாள், நான் கட்டத்தில் பெருக்கல் குறி போடுவேன். அவள் விரலுக்கு அது எப்படியோ தெரிகிறது, மாப்பிள்ளை. நான் பிடித்தால் எல்லா ஊசியும் விழுகிறது. இரண்டு மணி நேரத்தில் மூன்று ஜோடி சேர்ந்துவிட்டது. அந்த நேரம் குழந்தை அழுது, சரோஜா எழுந்து போனாள்.

மிச்சம் ஒரு ஊசி, ஒரு நாசில். மூன்று சரி என்றால் நாலாவது சரியாகத்தானே இருக்க வேண்டும், வேறு வழி ஏது. ஆனாலும் ஒரு தடவை விட்டுப் பார்த்தேன். பாதி இறங்கி நின்றுவிட்டது. மறுபடி விட்டேன், அதே இடத்தில் நின்றது. மேலே சேர்த்த மூன்றில் எதுவோ தப்பு என்றால் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையோ நெருங்கிவிட்டது. சரோஜா திரும்பி வந்து, "என்னாச்சிப்பா, நாலாவது?" என்று கேட்டாள். நான், "ஜோருமா" என்று சொல்லிவிட்டேன். தபாலில் முப்பத்திரண்டு வருஷம் ஒரு கடிதத்தைக்கூட மாற்றிப் போட்டு மறைத்தது கிடையாது. இதை மறைத்தேன்.

வியாழக்கிழமை மண்ணாங்கட்டி நாலு பழசு, இரண்டு புதுசு, ஆறையும் பூட்ட உட்கார்ந்தார். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செம்பு வாஷர் போட வேண்டுமாம். ஆறு வாங்கி வந்ததில் ஐந்துதான் இருந்தது. வீடு முழுக்கத் தேடி, நான் பரண் மேல் ஏறி இறங்கி, கடைசியில் பார்த்தால் குழந்தையின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. அப்பனுக்கு விழுந்த கண்ணேறு பிள்ளைக்கும் வரக்கூடாது என்று மீனம்மாள், பூஜை அறையில் கிடந்த செம்பு வளையம்தானே என்று எடுத்துக் கோத்துவிட்டிருக்கிறாள். அவிழ்க்க விடவில்லை. வேறு செம்புக் காசு கட்டுகிறேன் என்று சத்தியம் செய்த பிறகு கொடுத்தாள். சாயந்திரம் வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். இரண்டு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. புகை என்பதே இல்லை, மாப்பிள்ளை. டீக்கடைக்காரர் வந்து சைலன்சர் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். சரோஜா பானெட்டில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள், சூடு பார்த்தாள் போலிருக்கிறது. நாலாவது ஊசி பற்றிய விஷயத்தை நான் நைசாக மறந்துவிட்டேன்.

நேற்று பத்து மணிக்குத் தாண்டவராயன் தன் டிரைவரோடு வந்தார். டிரைவர் ஏறிச் சாவி போட்டார். வண்டி முனகியது. மறுபடி போட்டார், முனகியது. இறங்கி ஏதேதோ கழற்றி, பம்பைக் கையால் அடித்து, "காத்து இழுக்குது, காத்து இழுக்குது" என்றார். அடித்தால் கொஞ்சம் டீசல் வரும், பிறகு நுரை வரும். மண்ணாங்கட்டியைக் கூப்பிடலாம் என்றால் அவர் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நின்ற இருபது பேர் வந்து தள்ளினார்கள். தாங்கள் வளர்த்த வண்டி சத்திரத்துக் கட்டடம் வரைக்கும் உருண்டு போயும் ஒரு சத்தம் போடவில்லை. பாட்டரியும் தீர்ந்தது. சரோஜா மட்டும் அவர்களுக்கு இரண்டு தரம் மோர் கொடுத்து, விசிறியும் கொடுத்து, மலர்ந்த முகத்தோடு உபசரித்தாள், வருத்தத்தை வெளியே காட்டவே இல்லை. தாண்டவராயன் மோர் டம்ளரை வைத்துவிட்டு, "பெரியவரே, தப்பா நெனைக்காதீங்க. இந்த வண்டி எனக்கு வாணாம். உங்க மாப்பிளைக்கு ஒடம்பு தேவலாம் ஆவட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று போய்விட்டார்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் சூட்டில் ஓடிய நாலாவது ஊசி, ஆறியதும் சிக்கிக்கொண்டது. நான் 'ஜோரு' என்று சொல்லியிராவிட்டால் லாரி இன்றைக்கு ராணிப்பேட்டையில் நிற்கும். நேற்றிலிருந்து எனக்குச் சோறு பிடிக்கவில்லை. இன்று புரட்டாசிச் சனிக்கிழமை என்று ஸ்ரீபெரும்புதூர் வரை நடந்தே போய்ப் பெருமாளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவரிடம் சொல்வது சுலபமாக இருந்தது, தங்களுக்கு எழுதத்தான் இவ்வளவு நேரம் ஆயிற்று. கால் ஒடிந்து படுத்திருக்கிற மனிதர் ஒன்றே ஒன்று கேட்டார், அதையும் கெடுத்தேன். வேறு ஆள் தேடி வண்டியைத் தள்ளிவிடும் பொறுப்பு என்னுடையது. மாமனார் என்று பார்க்காமல் நாலு வார்த்தை கடிந்து எழுதவும், வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் தாயாருக்கு எங்கள் நமஸ்காரம். தாங்கள் காலூன்றி எழுந்து, நீண்ட ஆயுளும் குறைவில்லாத ஆரோக்கியமும் பெற்று, குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்கப் பெருமாள் அருள வேண்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத மாமனார்,
ராஜாமணி.

பின்குறிப்பு: நான் சரோஜா. அப்பா இதைத் தபாலில் போடச் சொல்லி ஒட்டாமல் கொடுத்தார், படித்துவிட்டேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நாலாவது ஊசியில் அவர் வேட்டி நூல் ஒன்று சிக்கியிருந்தது. அதை அன்றைக்கே நான் எடுத்துவிட்டு, நல்ல டீசலில் கழுவி, நாசிலுக்குள் விட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. வெள்ளிக்கிழமை காலை வாசல் தெளித்த கையோடு, டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி வைத்தது நான். அங்கே காற்று இழுத்தால் வண்டி கிளம்பாது என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தான் காட்டினீர்கள். சாயந்திரம் மண்ணாங்கட்டி அண்ணன் வந்து நட்டைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் முடுக்கிவிட்டுப் பாட்டரியை சார்ஜுக்கு எடுத்துப் போனார். இன்று அப்பா கோயிலுக்குப் போன நேரத்தில் ஸ்டார்ட் செய்தோம், முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அப்பாவிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், சாப்பிடட்டும்.

கார்டில் வண்டியை விற்கச் சொன்னீர்கள். பயமாக இருக்கிறது என்று எழுதவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் மறுபடி ஓட்ட முடியாமலே போகலாம். ஆனால் அதைப் படுத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். வருகிற வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உங்களை வீட்டுக்கு அனுப்பும்போது பஸ் ஏற வேண்டாம். மண்ணாங்கட்டி அண்ணன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து லாரியிலேயே வருகிறேன். தூக்கி ஏற்ற எங்கள் கை இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் என்ஜினை அணைக்க மாட்டோம். நீங்களே பாருங்கள், புகை வருகிறதா என்று. வந்தால் விற்றுவிடலாம்.