ஒழுகாத பெட்டி

ஈரக் கடிதத்தை இஸ்திரி போட்டால் எழுத்து திரும்பி வராது என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள், குடைக்காரர் பாதிக் கடிதத்தை இஸ்திரிப் பெட்டியோடு ஒட்ட வைத்துவிட்டார். மீதிப் பாதி மேஜை விரிப்பில் ஒட்டிக்கொண்டது.

"பல் டாக்டர் விளம்பரம்ங்க அது. போன மாசமும் இதே நீலத்துல வந்துச்சு" என்றாள் மனைவி.

"இல்ல, இது அவ எழுதினதுதான். ஓரத்துல பாரு. 'அப்' வரைக்கும் தெரியுது. அடுத்தது 'பா'வாத்தான் இருக்கணும்."

"அப்பாயின்ட்மென்ட்டுக்கும் அதே அப்தான்."

குடைக்காரர் இஸ்திரிப் பெட்டியின் அடியிலிருந்து காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

குடைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். குடைத் தொழிற்சாலையில் அவர் சோதனையாளர். ஒவ்வொரு குடையையும் விரித்துக் குழாயடியில் பிடித்து, ஒரு சொட்டு கசிந்தாலும் 'திருப்பு' என்று முத்திரை குத்துவார். இருபத்திரண்டு வருடமாக ஊரார் தலை நனையாமல் காத்த மனிதரின் வாசலில் தபால் பெட்டி ஒழுகியது. கேட்டில் தொங்கிய பழைய தகரப் பெட்டி அது. அதன் மேல் தகட்டில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருப்பது தெருவுக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

அந்தத் 'திருப்பு'தான் எல்லா வினைக்கும் காரணம். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள், மீன் தொட்டிக் கடை வைத்திருந்த ஒருவனைக் கூட்டிவந்து கூடத்தில் உட்கார வைத்தாள். அவனைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். குடைக்காரர் அவனை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி முதுகுப் பக்கமும் பார்த்தார். பிறகு மகளிடம் திரும்பி, "திருப்பி அனுப்பிடு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் இருவருக்கும் தண்ணீரோடுதான் பிழைப்பு. ஒருவர் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வராமல் பார்க்கிறவர், மற்றவர் உள்ளே இருப்பது வெளியே போகாமல் பார்க்கிறவர். நன்றாக ஒத்துப் போயிருக்கலாம். யார் யோசித்தார்கள்? அன்று பேச்சு முற்றி, "இனிமே நமக்குள்ள பேச்சே கிடையாது. போனும் வேணாம். எதுவா இருந்தாலும் கடிதம்தான்!" என்று கத்தினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மகளும் அவருக்குப் பிறந்தவள்தானே. "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது அவள் கல்யாணமாகி, ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். நடந்தால் இருபது நிமிடம். குடைக்காரர் அந்தப் பாலத்தில் ஏறியதே இல்லை.

ஆரம்பத்தில் மனைவி தூது போனாள். இங்கே சொன்னதை அங்கே சொல்ல, அங்கே எரிந்தது. அங்கே சொன்னதை இங்கே சொல்ல, இங்கே எரிந்தது. ஒருநாள் அவள் சத்தியம் செய்துவிட்டாள். "அவளைப் பத்தி உங்ககிட்ட பேசமாட்டேன். உங்களைப் பத்தி அவகிட்ட பேசமாட்டேன். நான் ஒண்ணும் உங்க தபால்காரி இல்ல." ஞாயிறுதோறும் அவள் மட்டும் போய் வருவாள். வந்ததும் இவர் செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பார்.

"அந்தப் பக்கம் மழையா?"

"குடை எடுத்துட்டுத்தான் போனேன்."

அவ்வளவுதான் செய்தி.

சொன்ன சொல்லுக்கு அவர் வருந்தாத நாள் இல்லை. மகள் எழுதியதும் என்ன பதில் போடுவது என்றுகூட மனதுக்குள் தயாராக வைத்திருந்தார். 'மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. ஆனால் கடிதம்தான் வரவில்லை. அவள் எழுதவே இல்லை என்று நினைத்தால் நெஞ்சு அடைத்தது. எழுதியிருப்பாள், நனைந்து போயிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அதனால் குற்றம் பெட்டியின் தலையில் விழுந்தது.

மறுநாளே சாமான் கடைக்குப் போனார். மரத்தில் செய்து, ஓடு வேய்ந்த மாதிரி கூரை வைத்த அழகான பெட்டி ஒன்று இருந்தது. வாய் அகலமாக இருந்தது. கடைக்குப் பின்னால் கொண்டுபோய் அதன் மேல் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். உள்ளே கையை விட்டுத் தடவினார். இன்னொரு வாளி ஊற்றினார்.

"சார், இது தபால் பெட்டி. மீன் தொட்டி இல்ல" என்றார் கடைக்காரர்.

குடைக்காரரின் முகம் வாடிவிட்டது. பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெட்டி ஒழுகவில்லை. மழை படாது, காற்று அடிக்காது, வாசலோ அகலம். இப்படி ஒரு வீடு யாருக்குக் கிடைக்கும்? மூன்றே வாரத்தில் குளவிகள் குடிவந்துவிட்டன. தெரிந்தது தபால்காரருக்குத்தான். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு வந்து மணி அடித்தார். விரல் வாழைப்பழம் மாதிரி வீங்கியிருந்தது.

"சார், உள்ள வேற யாரோ குடியிருக்காங்க."

"ஐயோ! கடிதம் ஏதாவது போட்டீங்களா?"

"விரலைக் கேளுங்க சார் முதல்ல!"

குளவிக் கூட்டைக் கலைக்கப் புகை போட்டதில் மரப்பெட்டி தீப்பிடித்தது தனிக் கதை. அதற்கு முன்பே தபால்காரர் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். சைக்கிளில் போகிற போக்கில் மதிலுக்கு மேலாக வீசினார். ஒன்று வாசலில் விழும், ஒன்று பக்கத்து வீட்டு மாடியில் விழும். ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்று நேராகச் சாக்கடையில் போய் விழுந்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார்.

குடைக்காரர் தபால் நிலையத்துக்கே ஓடினார். "செவ்வாய்க்கிழமை போட்டது எங்கேருந்து வந்தது?"

"ஞாபகம் இல்ல சார். நீளமா இருந்துச்சு."

நீளமாக என்றால் விவரமாக எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். அன்று இரண்டு நல்ல குடைகளுக்கு அவர் 'திருப்பு' குத்திவிட்டதாக மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

மூன்றாவது பெட்டியை விலைக்கு வாங்கவில்லை. பீரோ செய்யும் பட்டறையில் சொல்லிச் செய்தார். கால் அங்குலக் கனத்தில் இரும்பு, உள்பூட்டு. குளவியோ மழையோ நுழையாதபடி வாயில் ஸ்பிரிங் மூடி. மாட்டுவதற்கு நான்கு ஆள் வேண்டியிருந்தது. பாரம் தாங்காமல் கேட் தூண் அன்றே ஒரு பக்கம் சாய்ந்தது.

"இதுல கடிதம் வைக்கப் போறீங்களா, நகை வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"நகை போனா வாங்கிக்கலாம்" என்றார் அவர்.

ஒழுங்காக வாசலில் வந்து போடும்படி தபால்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். தபால்காரர் பயந்து பயந்து இடது கையால் மூடியைத் தள்ளினார். ஸ்பிரிங் புத்தம் புதியது. டப்பென்று மூடிக்கொண்டது. இந்தத் தடவை மூன்று விரல்.

"எனக்கு இருக்கறது மொத்தமே ரெண்டு கைதான் சார்" என்று சொல்லிவிட்டுத் தபால்காரர் மருத்துவ விடுப்பில் போனார்.

குடைக்காரருக்கு அவமானமாக இருந்தது. நல்ல மனிதருக்குத் தன்னால் இரண்டாவது முறையாகக் கெடுதல். அன்று மதியம், மூடியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று வாய்க்குள் கையை விட்டவர், கையோடு சாவியையும் உள்ளே போட்டுவிட்டார். குனிந்து பார்த்தபோது அடியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. உறை. நனையாத, கசங்காத, முழு உறை.

"வந்துடுச்சு! அடியே, வந்துடுச்சு!"

வளைத்த கம்பி வந்தது. இடுக்கி வந்தது. எதிர்வீட்டுக்காரர் தூண்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். உறை ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்து நழுவியது. பட்டறைக்காரர் நாளைக்கு வருவதாகப் போனில் சொன்னார். ஒன்றரை வருடம் பொறுத்தவருக்கு ஒரு ராத்திரி பொறுக்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்தார். நான்காவது நெம்பலில் பூட்டு உடையவில்லை, தூண்தான் அடியோடு சாய்ந்தது. விழுந்த வேகத்தில் பெட்டியின் முதுகு பிளந்தது.

உறையைப் பிரித்தார்.

'இப்பெட்டிக்குப் பத்தாண்டு உத்தரவாதம். உடைக்க முடியாதது' என்று பட்டறைக்காரர் அட்டை அடித்து உள்ளே வைத்திருந்தார்.

எதிர்வீட்டுக்காரர் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சத்தம் போடாமல் வீட்டுக்குள் போனார். குடைக்காரர் விழுந்து கிடந்த தூணின் மேல் உட்கார்ந்தார்.

"அவ எழுதல" என்றார். "எழுதவே இல்ல. பெட்டி மேல பழியைப் போட்டுக்கிட்டு இருந்தேன். அன்னிக்கு அந்தப் பையனை நிக்க வெச்சு முதுகைப் பார்த்தேனே, எந்தப் பொண்ணு எழுதுவா?"

மனைவி வாயைத் திறந்தாள். சத்தியம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

அப்போது ஸ்கூட்டரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். தோளில் தபால் பை. சாய்ந்த தூணையும் பிளந்த பெட்டியையும் சுற்றிக்கொண்டு கவனமாக வந்தாள்.

"இந்தத் தெரு தபால்காரர் லீவு சார். கை சரியில்லையாம். அவர் வர்ற வரைக்கும் இதையும் நான்தான் பார்க்கணும். என் பகுதி பாலத்துக்கு அந்தப் பக்கம்."

குடைக்காரர் எழுந்தே விட்டார். "அந்தப் பக்கத்துலேருந்து எனக்குக் கடிதம் ஏதாவது..."

அவள் பையைப் புரட்டினாள். "பல் டாக்டர் விளம்பரம்தான் சார் இருக்கு."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மனம் கேட்கவில்லை. நாளைக்கு எழுதினால்? நாளை மறுநாள் எழுதினால்?

"நாலு வீட்டு வாசல் பார்க்கறவங்க நீங்க. மழையில நனையாம, பூச்சி வராம, கையைக் கடிக்காம, ஒரே ஒரு கடிதம் பத்திரமா வந்து சேர எந்தப் பெட்டி நல்லதும்மா?"

"அதை எங்க பக்கத்துல மீன் தொட்டிக் கடைக்கு மேல்வீட்டுல இருக்கற அக்காகிட்டதான் சார் கேக்கணும்" என்றாள் அவள், ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. "அப்பாகிட்டேருந்து கடிதம் வரும், வரும்னு ஒன்றரை வருஷத்துல நாலு பெட்டி மாத்திட்டாங்க."