மரச்சீனிக் கட்டுரைக்கு மூன்று கொட்டேஷன்

"காயிதமே இல்லாத புஸ்தகத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூவாயா சாரே?"

பல்கலைக்கழக ஆபீஸில் செக்‌ஷன் ஆபீசர் ஸ்ரீகுமாரி அந்த வெளிநாட்டுக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

விஜயதாஸ் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பாறசாலைப் பக்கக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளர். மரச்சீனி என்கிற மரவள்ளியின் இலை சுருளும் நோயைப் பற்றி நான்கு வருடம் வெயிலில் காய்ந்து எழுதிய கட்டுரையை, கம்ப்யூட்டரில் மட்டுமே வரும் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. முந்நூறு டாலர் கட்ட வேண்டும்.

"வாசிக்கியவிய ஒண்ணும் குடுக்கண்டாம் மேடம். உலகம் முழுக்க சும்மா வாசிக்கலாம். அதுக்காக்கும் எழுதினவன் குடுக்கது."

"கொள்ளாமே! சமைச்சவன் காசு குடுக்கணும், தின்னவன் கையக் கழுவீட்டுப் போவான்."

"பிரசுர உதவி நிதி உண்டு இல்லியா? மார்ச்சுக்குள்ள கட்டுரை வரல்லேன்னா ரீடர் பிரமோஷன் எனக்கக் கூட உள்ள சுந்தரதாசுக்குப் போயிரும்."

"நிதி உண்டு. ஆனா மூணு கொட்டேஷன் வேணும். குறைஞ்ச ரேட்டுக்குத்தான் ஆர்டர்."

"மேடம், நான் பெஞ்சு மேசையா வாங்குகேன்?"

"ரூல் ரூலாக்கும்."

விஜயதாஸ் நேரே அமரவிளைக்கு பஸ் ஏறினார். அங்கே கல்யாணக் கார்டும் சபை நோட்டீசும் அடிக்கும் ஞானையனின் பிரஸ் இருந்தது.

"ஓய் ஞானையா, இல்லாத ரெண்டு ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு லெட்டர்பேடு அடியும். வெளிநாட்டு சாயிப்புக்க ரேட்டு முந்நூறு. நீரு நானூறும் ஐநூறும் போட்டு ஆபீசுல சேர்த்திரும்."

"அவ்வளவுதானா? நாளைக்கே குடுக்கியேன் சாரே."

சொன்னபடி ஞானையன் நானூறும் ஐநூறும் போட்டார். ரூபாயில் போட்டார்.

இரண்டே வாரத்தில் ஆர்டர் வந்தது. மிகக் குறைந்த விலை கேட்ட 'தென்முனைத் தாவர ஆய்விதழ்' நானூறு ரூபாய்க்குத் தேர்வாகியிருந்தது. கட்டுரை அதில் மட்டுமே வரவேண்டும்.

விஜயதாஸ் ஸ்ரீகுமாரியிடம் ஓடினார். "மேடம், கேன்சல் செய்யணும்!"

"செய்யலாமே. அந்த எடிட்டர் நேர்ல வந்து காரணம் எழுதிக் குடுக்கட்டும். இல்லேன்னா விஜிலென்சு அவரத் தேடிப் போவும்."

இல்லாத எடிட்டரை விஜிலென்ஸ் தேடினால் இருக்கிற வேலையும் போய்விடும். இனி ஒரே வழி, அந்தப் பத்திரிகையை உண்டாக்கிவிடுவது. மூன்று நாளில் ஞானையன் உண்டாக்கினார். பக்கம் போதாததால் ஒரே இலையின் படத்தை நேராக, சரித்து, கவிழ்த்து எட்டு இடத்தில் போட்டிருந்தார். அட்டையில் 'தொகுதி பதினொன்று'.

"இதென்னவே பதினொண்ணு?"

"ஒண்ணுண்ணு போட்டா சம்சயம் வரும் சாரே."

இன்டர்வியூ நாள். போர்டு தலைவர் பேராசிரியர் பொன்னப்பன். காப்பியடித்த கட்டுரையோடு வந்த ஒருவரை அந்த அறையிலேயே அழவைத்து அனுப்பியவர். அவர் பத்திரிகையைப் புரட்டினார். கவிழ்ந்த இலைப் படத்தில் அவர் கண் நின்றது. ஆர்டரை எடுத்துத் தொகையைப் படித்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

விஜயதாஸ் கதவு எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பொன்னப்பன் கண்ணாடியைக் கழற்றி, விஜயதாசின் காதருகே குனிந்தார்.

"நானூறா? கொள்ளக்காரன்! எனக்க ரீடர் இன்டர்வியூவுக்கு ஞானையன் இதுபோல ஒண்ண நூத்தம்பதுக்கு அடிச்சுத் தந்தானேடே!"