ப்ரோ ஆகப் போன மடிக்கணினியும் ஊர் மோட்டார்களும்

இன்றைய வேலை ஒன்றே ஒன்று: மடிக்கணினியோடு வந்த இயங்குதளத்தை ஹோம் எடிஷனிலிருந்து ப்ரோ எடிஷனுக்கு மாற்றுவது.

வேலை புதிது. அலுவலகக் கணினியோடு வீட்டிலிருந்து இணைய ப்ரோ இருந்தால்தான் ஆகுமாம். "ரெண்டு மணிக்குள்ள கனெக்ட் ஆயிட்டா ஊர்லயே உக்காந்து வேலை பாருங்க. இல்லன்னா திங்கக்கிழமை பெங்களூர் வந்துடுங்க மேடம்" என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பெங்களூர் விடுதியில் சாம்பாருக்குச் சர்க்கரை போடுவார்கள். அதிலிருந்து தப்பிக்க நான் எதையும் செய்வேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "வூட்ல இருந்து வேல செய்ய ஹோம் போதாதா? ப்ரோ இன்னாத்துக்கு?"

"நீ மொதல்ல கழனிக்குக் கிளம்புப்பா" என்றேன். கிளம்பினார்.

பன்னிரண்டு மணிக்கு ப்ரோவுக்கு வாங்கிய கீ எண்ணை உள்ளிட்டேன். திரை இருண்டு, எழுத்து தோன்றியது: முப்பது சதவீதம், கணினியை அணைக்க வேண்டாம். அணைக்க எனக்கென்ன பைத்தியமா?

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியின் பேட்டரி உப்பிப்போனதால், மூலக்குளத்துக் கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டார். சார்ஜரை உருவினால் கணினி அந்த நொடியே அணைந்துவிடும். வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பது சதவீதத்தில் மின்விசிறி தளர்ந்தது. இறக்கைகளை எண்ணலாம் போல! சார்ஜர் விளக்கு கண்சிமிட்டியது.

கழனி மோட்டார்களுக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிட்டது. ஊரில் எல்லா மோட்டாரிலும் ஆட்டோ ஸ்விட்ச். கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒன்றாக ஓடும். வீடுகளில் வோல்டேஜ் படுத்துவிடும்.

இன்வெர்ட்டரிடம் ஓடினேன். பெட்டி இருந்தது. பேட்டரி இல்லை!

அப்பாவுக்குப் போன் போட்டேன். "அதுவா? டிராக்டர் ஸ்டார்ட் ஆவல, கெளம்பறப்ப கழட்டியாந்துட்டேம்மா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீதான் கெளம்பு கெளம்புன்னு தொரத்தினியே."

தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கோதண்டம் சித்தப்பா பைக்கில் கழனிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! மோட்டார நிறுத்துங்க! எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க!"

"ஏம்மா, இன்னா ஆச்சி?"

நடவு நாளில் லேப்டாப்புக்காக எவர் தண்ணீரை நிறுத்துவார்? "கேள்வி கேக்காதீங்க, மொதல்ல நிறுத்துங்க!" என்று அலறிவிட்டு உள்ளே பாய்ந்தேன்.

சற்று நேரத்தில் மின்விசிறி வேகம் பிடித்தது. எண்பது... எண்பத்தேழு... என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பட்டென்று எல்லாம் நின்றது. மின்விசிறி, திரை, எதிர்வீட்டு டிவி, ஊர் முழுக்க!

வெளியே வந்தால், டிரான்ஸ்பார்மர் ஹேண்டிலை இறக்கிவிட்டு, கைலியை மடித்துக் கட்டியபடி சித்தப்பா நிற்கிறார். எங்கள் பக்கத்தில் ஊர் மோட்டாரையெல்லாம் நிறுத்தச் சொல்லி ஒருத்தி அலறினால், மின்கம்பி எங்கோ அறுந்து விழுந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது அப்போது நினைவுக்கு வரவில்லை.

"பயப்படாத கண்ணு, மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன். கம்பி எங்க வுழுந்துச்சி?"

"கம்பியே விழல சித்தப்பா! லேப்டாப்பு... அப்டேட்டு... வோல்டேஜு..."

என்னை உற்றுப் பார்த்தார். "பொண்ணு பயத்துல ஒளறுது. யாராவது தண்ணி குடுங்கப்பா."

அதற்குள் நான்கைந்து பேர் கையில் காய்ந்த கழியோடு, வரப்பு வரப்பாக அறுந்த கம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹேண்டிலை ஏற்றச் சொல்லிச் சித்தப்பாவிடம் கெஞ்சினேன்.

"லைன்மேன் வந்து பாக்காம கை வைக்க முடியாதும்மா. மாடு கன்னு போற வழி."

நியாயம்.

லைன்மேன் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்தார். எல்லாக் கம்பியும் கம்பத்தில் பத்திரமாக இருப்பதைக் கண்டார். பிறகு என்னைக் கண்டார். ஹேண்டிலை ஏற்றிவிட்டுப் போனார்.

கரண்ட் வந்தபோது மணி மூன்றரை. திரையில், 'மாற்றங்கள் ரத்து செய்யப்படுகின்றன' என்ற செய்தி. ஹோம் எடிஷன் ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தது. மேலாளர் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்: "திங்கக்கிழமை நேர்ல பாக்கலாம் மேடம்."

பாடம்: எங்கள் ஊரில் எதையாவது நிறுத்தச் சொன்னால், எதை நிறுத்தக் கூடாது என்பதையும் கையோடு சொல்லிவிட வேண்டும்.