காலி உறையும் தக்காளிக் கடிதமும்

லாய்ட் பிக்கரலிடம் கையெழுத்து வாங்காமல் இனி முகச்சவரம் செய்வதில்லை என்று வெண்டெல் கிராபி சபதம் போட்டார். நாலாம் நாளே தாடி அரித்தது. சபதத்தைச் சிரைத்துவிட்டார். ஆசை மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது.

அமெரிக்காவின் டுபுக் நகரத்தில், ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டு சேர்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெண்டெலின் பைத்தியம் தனி ரகம். எழுபத்து நாலாம் வருஷத்தில் தன் செல்ல அணியில் ஆடிய இருபத்தேழு பேரின் கார்டுகளையும் அவரவர் வீட்டுக்கே தபாலில் அனுப்புவார். கூடவே ஒரு கடிதமும், தன் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவரும். கிழவர்கள் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சாப்பாடு ஆனதும் ஆல்பத்தைப் பிரித்து, கார்டை லேசாகச் சாய்த்து, மை மினுங்குவதைப் பார்ப்பதில் அப்படியொரு சுகம். இருபத்தாறு சேர்ந்துவிட்டது. பந்துவீச்சாளர் பிக்கரல் மட்டும் பதினொரு கடிதத்தையும் பதினொரு கார்டையும் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. ஆல்பத்தின் கடைசி உறை காலியாகவே கிடந்தது.

எதிர்வீட்டு ஆர்வில் அந்தப் புண்ணில் உப்பைத் தேய்ப்பார்.

"என்ன வெண்டெல், பிக்கரல் வந்தாரா?"

"வருவார், வருவார்."

"எனக்கு முதல் கடிதத்துக்கே போட்டுட்டாரே! நீ என்னதான்யா எழுதறே?"

வெண்டெலுக்கு வயிறு எரிந்தது. அதை வீட்டில் வந்து புலம்பினார். அவர் மனைவி மார்லிஸ் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு கடிதம் போட்டுப் பார்க்கட்டுமா?"

"நீயா? அவரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? எத்தனை ஆட்டம் ஜெயிச்சார் சொல்லு பார்க்கலாம்!"

"தெரியாதுங்க."

வெண்டெல் சிரித்தார். பாவம், சிரிக்கிற கடைசி நாள் அதுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பத்தே நாளில், பிக்கரல் குடியிருக்கும் ஆர்கன்ஸாவிலிருந்து பதில். கவரின் மேல் மார்லிஸ் பெயர். உள்ளே இரண்டு பக்கக் கடிதம். கார்டு இல்லை.

"என்னடி இது, இவ்வளவு நீளம்?"

"தக்காளிச் செடியில இலை சுருண்டா எப்சம் உப்பு போட்டுப் பாருங்கன்னு எழுதினேன். அவர் செடியும் சுருண்டுதான் கிடந்துதாம். போட்டாராம். துளிர் விட்டிருக்காம்."

"தக்காளியா! அவர் தக்காளி போடறது உனக்கு எப்படித் தெரியும்?"

"கார்டுக்குப் பின்னாடி படமே போட்டிருக்கே. ஆட்டம் இல்லாத மாசத்துல தக்காளித் தோட்டம்தான் இவருக்கு உயிர்னு. பதினொரு கார்டு அனுப்பினீங்களே, ஒண்ணையாவது திருப்பிப் பார்க்கலையா?"

திருப்பிப் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் படித்தது எண்களை மட்டும்தான்.

"சரி, கையெழுத்துக் கேட்டியா?"

"மனுஷன் மீதிச் செடி வாடுதேன்னு கலங்கறார். அப்ப போய்க் கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கறதா? நல்லாவா இருக்கும்?"

அதன்பின் வாரம் ஒரு கடிதம். மார்லிஸ் அதைப் படித்துச் சிரிப்பாள், பதில் எழுதும்போதும் சிரிப்பாள். முப்பத்தெட்டு வருஷத்தில் தன்னால் அவள் இப்படிச் சிரித்ததாக வெண்டெலுக்கு ஞாபகமில்லை. முன்பு அந்த ஆள் கையெழுத்துப் போடவில்லையே என்று எரிந்தவர், இப்போது கடிதம் போடுகிறானே என்று எரிந்தார்.

"அந்த ஆளுக்கு எழுபத்தெட்டு வயசு!" என்று ஒருநாள் கத்தினார்.

"ஆமா. எவ்வளவு அழகா எழுதறார் பாருங்க."

பொறுத்தது போதும் என்று வெண்டெல் ஒரு திட்டம் போட்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மார்லிஸ் தேவாலயத்துக்குப் போன நேரத்தில், அவள் கையெழுத்து மாதிரியே சாய்த்துச் சாய்த்து, அவள் பெயரிலேயே பிக்கரலுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஐயா, இனி எனக்கு எழுத வேண்டாம். என் கணவர் தங்கமானவர், பொறுமைசாலி, அறிவாளி. இந்த வயதிலும் பார்க்க லட்சணமாக இருப்பார். இத்துடன் உள்ள கார்டில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.' எழுத எழுதச் சுவை கூடி, பதினைந்து வரி ஆகிவிட்டது.

அடுத்த வாரம் காலை, ஓட்ஸ் கஞ்சி ஆறிக்கொண்டிருக்க, மார்லிஸ் கவரைப் பிரித்து உரக்கப் படித்தாள்.

"'அன்புள்ள மார்லிஸ், உங்கள் பெயரில் ஒரு கடிதம் வந்தது. கணவரைப் பற்றிப் பதினைந்து வரி, தக்காளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த மனைவியும் அப்படி எழுத மாட்டாள். கார்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடிதம் உங்கள் பெயரில் வந்ததால், கார்டும் உங்கள் பெயருக்கே.'"

கார்டு மேஜைமேல் விழுந்தது. 'என் மார்லிஸுக்கு, அன்புடன் லாய்ட் பிக்கரல்.' நீல மை. என்ன அழகான கையெழுத்து! வெண்டெலின் கை தானாக நீண்டது. அதற்குள் மார்லிஸ் அதை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து, ஒரு காந்தத்தால் டப்பென்று அமுக்கினாள்.

"ஐயோ, மூலை மடங்கிடும்!" என்று அலறினார் வெண்டெல்.

"என் கார்டு, என் மூலை. இருங்க, கீழே உங்களைப் பத்தியும் எழுதியிருக்கார். 'உங்கள் கணவருக்குத் தனியாகக் கையெழுத்து வேண்டுமென்றால் தாராளமாகத் தருகிறேன். அவர் தன் சொந்தப் பெயரில் உங்களைப் பற்றிப் பதினைந்து வரி எழுதி அனுப்பட்டும்.'"

அவ்வளவுதானே! வெண்டெல் பாய்ந்துபோய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்து உட்கார்ந்தார். மார்லிஸ் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். 'என் மனைவி நல்லவள்.' ஒரு வரி. 'நன்றாகச் சமைப்பாள்.' இரண்டு. வெண்டெல் பேனாவைக் கடித்தார். கூரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னங்க," என்றாள் மார்லிஸ், "அதுக்குள்ள சரக்கு தீர்ந்துபோச்சா?"