ரொட்டியே என்று கூப்பிட்டவன்

பர்மனென்ட் வேலைக்காக மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவர்களை ஒரகடத்தில் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். உலகத்தில் ஒருத்தரும் பேசாத பாஷையை அதற்காகப் படித்தவன், ஆண்டவர் படைப்பிலேயே எங்கள் மாடியில் குடியிருந்த 'ரொட்டி' ஒருவன்தான்.

எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். புது மெஷின் மாட்ட போலந்து, செக், செர்பியா என்று பல நாட்டு இன்ஜினியர்கள் வரப்போகிறார்கள் என்று கேட்டதும், போனும் கையுமாகப் படிக்க உட்கார்ந்துவிட்டான்.

"எந்த ஊரு பாஷைடா?" என்றேன்.

"அவங்க பேசற பாஷை எல்லாத்துக்கும் தாய் பாஷைண்ணா. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சி. தாயப் புடிச்சா புள்ளைங்க தானா வரும். எழுதிக்கூட வெக்கல, படிச்சவங்க ஊகிச்சி வெச்சிகிறாங்க. ஊகம்னு தெரிய முன்னால ஒரு நட்சத்திரம் போடுவாங்க."

"ஊகத்த வெச்சினு பர்மனென்ட் ஆவப் போறியா?"

"நீங்க மட்டும் ஏசுவ நேர்ல பாத்துட்டா கும்புடறீங்க?"

சிலுவை போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

ஒரு சொல்லை முழுசாக முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டான். மாதக்கணக்கில் முடித்தது ரொட்டி ஒன்றைத்தான். நாங்கள் ஜெபமாலை எடுத்ததும் மாடியில் கச்சேரி ஆரம்பம். "ஹ்லேபு, ஹ்லேபா, ஹ்லேபூ..." ரொட்டி, ரொட்டியின், ரொட்டிக்கு என்று போய், கடைசியில் "ஹ்லேபே!" என்று ரொட்டியையே விளிப்பான்.

சப்பாத்தி கொடுக்கப் போன என் மனைவி, "ரொட்டியக் கூப்ட்டா வருமா இன்னா?" என்றாள்.

"வந்துச்சேக்கா" என்று தட்டை வாங்கிக்கொண்டான்.

இன்ஜினியர்கள் வந்தார்கள். மேனேஜர் லைனைச் சுற்றிக் காட்டும்போது நம்ம ஆள் வயதான செக் நாட்டுக்காரர் முன்னால் பாய்ந்து, நெஞ்சில் கைவைத்து, ஏழு வேற்றுமையையும் ஒப்பித்தான். 'ரொட்டியே!' என்னும்போது குரல் உடைந்துவிட்டது.

பெரியவருக்குக் கண் கலங்கியது. பையிலிருந்த சாண்ட்விச்சை அவன் கையில் வைத்தார். பிறகு மேனேஜரைப் பார்த்து, "உங்கள் ஆட்களுக்குச் சோறு போடுவதில்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"மானத்த வாங்கிட்டியேடா பாவி!" என்று இழுத்து வந்தேன்.

"புரிஞ்சிடுச்சிண்ணா! அவருக்குப் புரிஞ்சிடுச்சி!" என்று குதிக்கிறான், மடையன்.

அன்று ஷிப்ட் முடியும்போதே கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்து, மறுவாரம் முதல் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு டீயோடு பன் வந்தது. அவனைக் கேலி செய்த வாய்கள்தான் முதலில் மென்றன. ஒருத்தராவது அவன் பேரைச் சொல்லவேண்டுமே!

வாலாஜாபாத் பக்கம் எங்கோ இருக்கிறானாம். ஜெபத்தில் அன்றாட உணவைக் கேட்கும் இடம் வந்தால், எங்களுக்குக் கேட்பதற்கு முன் அவனுக்குக் கேட்டுவிடுகிறேன்.