மையில் தெரிந்த பாஸ்போர்ட்

பேராவூரணியில் மை போட்டுப் பார்க்கும் அரசப்பனுக்கு அப்படியொரு கூட்டம். வெற்றிலையில் மையைத் தடவுவார், கண்ணை மூடுவார், உங்கள் வீட்டில் நடந்ததைப் புட்டுப் புட்டு வைப்பார். ஆனால் மூன்று நாள் முன்பே பெயரும் போன் நம்பரும் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். முக்காலமும் அறிந்தவருக்கு மூன்று நாள் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பலிக்காது என்பது நம்மவர்கள் சட்டம்.

ஜஸீலாவும் மாமியாருக்குத் தெரியாமல் போனாள். கணவர் இர்பானுக்குத் துபாய் விசா வந்திருந்தது. நம் பக்கத்தில் விசா வந்தால் முதல் வேலை, அதையும் பாஸ்போர்ட்டையும் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது. ஜஸீலா பயணத் தேதியையும் சேர்த்தே போட்டிருந்தாள். நானூறு பேர் வாழ்த்தினார்கள்.

அரசப்பன் மையைப் பார்த்து இர்பானின் பிறந்த தேதியையும் விமானம் ஏறும் நாளையும் சொன்னார். அவளுக்குப் புல்லரித்துவிட்டது. பயணத்தில் கண்டம் இருக்கிறதாம். அதைக் கழிக்க ஆதார், பாஸ்போர்ட் நகல்கள் வேண்டுமாம். பூஜை நேரத்தில் இர்பானின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வருமாம், அதை அரசப்பனிடம் மட்டும் சொல்ல வேண்டுமாம். கிரகங்களும் இப்போது மெசேஜ் அனுப்புகின்றன, பாருங்கள்.

நகல் எடுக்க அவள் போனது தோழி விண்ணரசியின் ஜெராக்ஸ் கடைக்கு. விண்ணரசி எடுத்துத் தர மறுத்தாள். இதேபோல அரசப்பனிடம் நகல் கொடுத்த ஆனந்தவல்லியின் பெயரில் போன மாதம் யாரோ நாலு சிம் வாங்கி ஊரை ஏமாற்ற, போலீஸ் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதற்குப் பரிகாரம் கேட்டும் ஆனந்தவல்லி அரசப்பனிடமே போனார்.

“உன் வீட்டுக்காரர் பேர்ல ஒரு கேஸ் விழுந்தா ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்க ஜஸீலா. மூணு நாள் பொறு.”

அன்றே விண்ணரசி தன் பெயரில் டோக்கன் வாங்கினாள். ஃபேஸ்புக்கில் மட்டும் எழுதினாள்: “எங்கள் கிளாட்சனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சாப்பிட மறுக்கிறான். வேண்டிக்கொள்ளுங்கள்.”

மூன்றாம் நாள் ஜஸீலாவோடு போய் உட்கார்ந்தாள். அரசப்பன் கண்ணை மூடினார்.

“கிளாட்சன்னு ஒரு பிள்ளை தெரியுது. காய்ச்சல்ல கிடக்கிறான். சோறு தண்ணி இறங்கலை. கண்ணு பட்டிருக்கும்மா.”

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“என்ன செய்யணும் ஐயா?”

“அவன் ஆதார் நகலைக் கொண்டாங்க. கழிச்சிடலாம்.”

“ஆதார் எடுக்கலீங்க. ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்.”

வாசலில் கட்டியிருந்த கிளாட்சனை அவிழ்த்து உள்ளே இழுத்து வந்தாள். கொழுத்த வெள்ளாட்டுக் கிடா. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. வந்த வேகத்தில் அரசப்பனின் வெற்றிலையை மையோடு தின்றது.

“இந்தக் காய்ச்சலை ஃபேஸ்புக்ல மட்டும்தான் எழுதினேன். உங்க மையும் அங்கதான் படிக்குதா?” என்றாள் விண்ணரசி.

ஆட்டுக்கும் ஆன்மா உண்டு என்று அரசப்பன் ஆரம்பித்தார். சிரிப்பில் மீதி கேட்கவில்லை. வரிசையில் இருந்த ஆனந்தவல்லி விறுவிறுவென்று வந்து, அன்று தன் நகலை அரசப்பன் போட்டுவைத்த மேசை டிராயரை இழுத்தார். உள்ளே கட்டுக்கட்டாக ஊரின் ஆதார் நகல்கள், பை நிறைய சிம் கார்டுகள். அரசப்பன் கொல்லைப்புறமாக நழுவப் பார்த்தார், நாலு பேர் பிடித்து போலீஸில் ஒப்படைத்தார்கள்.

ஜஸீலா அங்கேயே ஃபேஸ்புக்கில் போட்ட பாஸ்போர்ட் படத்தை அழித்தாள். நானூறு வாழ்த்தும் போயிற்று. இர்பான் நல்லபடியாக விமானம் ஏறினார்.

ஆட்டுக்கு ஐந்தறிவு என்கிறார்கள். அது யாரிடமும் போய்த் தன் ஜாதகத்தைக் கொட்டவில்லை. ஆறாவது அறிவு இருக்கிற நாம்தான் எல்லாவற்றையும் ஊருக்கு ஒப்பித்துவிட்டு, அதைத் திருப்பிச் சொன்னவர் காலில் விழுந்தோம். ஆறாவதையும் கொஞ்சம் வெளியே எடுத்துப் பழகுங்கள் ஐயா, அதற்கு டோக்கன் வேண்டாம்.