ரைன் ஆற்றில் போன பாலிகை

கூர், சுவிஸ்
15.02.1987

பெருமதிப்புக்குரிய அத்தான் குணசேகரம் அவர்களுக்கு,

மைத்துனன் சச்சிதானந்தன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். தங்கள் சுகமும் அக்காவின் சுகமும் அறிய ஆவல். உங்கள் மகள் சிவகலாவுக்கும் தவச்செல்வனுக்கும் திருமணம் இனிதே நிறைவேறியது. தாலி கட்டியாயிற்று, ஐயர் குறை சொல்லவில்லை, சோறும் மிஞ்சவில்லை. இத்துடன் கடிதத்தை முடித்தால் நான் புத்திசாலி. ஆனால் என்னால் முடியவில்லை அத்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

முளைப்பாலிகை விசயம்தான். யோகாம்பாள் அக்கா எனக்கு என்ன எழுதினா என்று உங்களுக்குத் தெரியும்: "கலியாணத்தை நேர பாக்க நான் குடுத்து வைக்கேல்லை. பாலிகை முளைச்சிருக்கிறதை எண்டாலும் படம் எடுத்து அனுப்படா தம்பி. அது முளைக்காட்டி என்ர பிள்ளையின்ர வாழ்வும் தழைக்காது." அக்காவை எனக்குத் தெரியாதா? முளை இல்லாத படம் வந்தால் அன்றைக்கே சாப்பாடு தண்ணி இல்லாமல் பாயில் விழுந்துவிடுவா. ஆகவே தாலிக்குப் பொன்னுருக்கின அன்று இங்குள்ள நம் ஊர்த் தில்லைநாயகி அக்காவையும் இன்னும் இரண்டு சுமங்கலிகளையும் கூப்பிட்டு, கடையில் வாங்கிய மண் பூச்சட்டிகளில் நவதானியம் தூவி, பால் தெளித்து, வெயில் படட்டும் என்று யன்னலோரம் வைத்தேன். இந்த நாட்டுப் பெப்ரவரி வெயில் பார்ப்பதற்கு மட்டும்தான் அத்தான், தொட்டால் சுடாது. வெளியே முழங்காலளவு பனி. சட்டியில் மண் ஐஸ் மாதிரிக் கிடந்தது. பால் புளித்து நாறியதே தவிர ஒரு முளை இல்லை. விரலால் கிண்டிப் பார்த்தேன். போட்ட பயறு போட்டபடி கிடக்கிறது. கலியாணம் நாளைக்கு! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாற்றம் கீழ்வீடு வரை போய், வீட்டுக்கார அம்மா பிரவு யென்னி (இங்கே அம்மாவுக்குப் பிரவு, ஐயாவுக்கு ஹேர்) மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தா. "ஹேர் சச்சி, இங்க என்ன செத்துப் போச்சு?" சிவகலா எல்லாவற்றையும் விளக்கினாள். இத்தனை வருசமாக எனக்கு வராத டொச் பாசை இந்தப் பிள்ளைக்கு ஒரு கோடையில் வந்துவிட்டது. உடனே அந்த மனுசி சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போனா, வீடு முழுவதற்கும் சூடு கொடுக்கும் கொதிகலன் இருக்கிற அறை. பின்னால் போன நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கூரையில் பனி கிடக்கிறது, இவ இங்கே பூக்கன்று முளைக்க வைத்திருக்கிறா! பெத்தூனியாவாம். விதை மூக்குப்பொடி மாதிரி. அதற்கு மேலே மண்கூடப் போடுவதில்லையாம். பலகைத் துண்டால் மெல்ல அமத்தி, கண்ணாடியால் மூடி, பகல் முழுக்க டியூப் லைட் வேறு! "இப்ப விதைச்சால்தான் பல்கனியில கோடைக்குப் பூக்கும். பனி போகட்டும் எண்டு இருந்தால் பூ வரக்குள்ள கோடை போயிடும்," என்றா. அதுவும் எங்களுடையது போன்ற அதே கடை மண்சட்டிகளில்.

கலியாணத்தன்று விடியவே சிவகலா வந்து, "மாமா, கீழ்த்தட்டில இருக்கிறதுதான் எங்கட சட்டி. கவனமா எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றாள். போய்ப் பார்த்தால், அத்தான், பச்சைப்பசேலென்று! ஒரே இரவில்! கொதிகலனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பயற்றுக்கு ஏன் இவ்வளவு குட்டி இலை, உழுந்து எங்கே, எள்ளு எங்கே என்று எந்த மடையனும் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கொண்டுபோய் மணவறையில் வைத்தேன். படமும் எடுத்தாயிற்று. நாலாம் நாள் சடங்கன்று நானே தேவாரம் பாடி, முறைப்படி மண்ணோடும் முளையோடும் ரைன் ஆற்றில் கொட்டினேன்.

திரும்பி வந்தால் வாசலில் பிரவு யென்னி.

"ஹேர் சச்சி, என்ர பெத்தூனியா எங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனா. மேல்தட்டில் எங்கள் சட்டிகள், வெறும் மண்ணோடு. ஐயோ அத்தான்!

"ஆத்தில," என்றேன்.

"எந்த ஆத்தில?"

"ரைனில."

அவ அப்படியே படியில் இருந்துவிட்டா. "ரைனிலயோ?"

"ஓம்."

"ஏன்?"

டொச்சில் எனக்குத் தெரிந்தது "மன்னியுங்கோ" ஒன்றுதான் அத்தான். அதையே மூன்று முறை சொன்னேன்.

கீழ்த்தட்டில்தான் எடுத்தேனா என்று இப்போது எனக்கே சந்தேகம். நடந்தது நடந்துவிட்டது. வேறொருத்தியின் பூக்கன்றை மணவறையில் வைத்துப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்த பாவி நான். படம் அடுத்த தபாலில் வரும். அக்கா கேட்டால், "சுவிஸ் பயறு, இலை சின்னன்," என்று சொல்லுங்கள். பாலிகை பொய்த்தது நம் இருவரோடும் போகட்டும். சிவகலாவுக்கும் மூச்சு விடவில்லை. புதுப்பெண், மனம் உடைந்துவிடும்.

அங்கே சண்டை நிலைமை அறிந்து வெளியே போய் வாருங்கள். ஒரு குறையும் அணுகாமல் கந்தன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நடுக்கம் தீராத மைத்துனன்
சச்சிதானந்தன்

பி.கு.: நான் இரண்டு நாளாய் முத்திரை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சிவகலா வந்து கடிதம் முழுவதையும் வாசித்துவிட்டாள். "மாமா, நீங்கள் மாறி எடுக்கேல்லை. நான்தான் தட்டை மாத்தி வைச்சனான்," என்கிறாள்! கலியாணத்தன்று விடியமுன்னம் தனியே இறங்கிப் போய், வெறும் மண்ணைப் பார்த்து, அம்மாவை நினைத்து விக்கி விக்கி அழுதிருக்கிறாள். அதைக் கண்ட பிரவு யென்னிதான், "இதை வைச்சுப் படம் எடு. பிறகு பத்திரமாத் திருப்பித் தா," என்று பெத்தூனியாவைக் கொடுத்தாவாம். "ஆத்தில விடுவம் எண்டு அவவுக்குச் சொல்ல மறந்திட்டன் மாமா. இது எங்கட இல்லை எண்டு உங்களுக்கும் சொல்லேல்லை." பிறகு என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். அத்தான், கண்ணாடிக்குக் கீழே எங்கள் பயறும் உழுந்தும் மண்ணைத் தள்ளிக்கொண்டு அடர்த்தியாக நிற்கின்றன! "இது ஆத்துக்குப் போகாது," என்று பிரவு யென்னி அறையைப் பூட்டித் திறப்பைத் தன் பைக்குள் போட்டுவிட்டா. கோடைக்கு அவவுடைய பல்கனியில் பயறுதான். உண்மையை அம்மாவுக்கு எழுதப் போகிறேன் என்கிறாள் உங்கள் மகள். "அக்கா விழுந்திடுவா பிள்ளை," என்றேன். "விழமாட்டா. பிந்தியெண்டாலும் முளைச்சதுதானே மாமா," என்று சொல்லி அழுகிறாள், சிரிக்கிறாள். ஆகையால் அத்தான், அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.